காலனி ஸ்டேஜில் வசூல் இல்லை

பஸ் கேஸ் என்றால் எங்கள் பக்கத்து வக்கீல்களுக்கு எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து நஷ்டஈட்டு மனுதான். மெட்டு இறக்கத்தில் ஜீப் கவிழ்ந்தது, டவுன் பஸ் டூவீலரை அடித்தது, கால் முறிவுக்கு எவ்வளவு, இறந்தவரின் மாத வருமானம் என்ன என்று கணக்குப் போடுகிற வேலை. உத்தமபாளையத்தில் தொழில் பார்த்த காலம் முழுக்க அதில்தான் என் அடுப்பு எரிந்தது. யாருமே நஷ்டஈடு கேட்காத ஒரு பஸ் கேஸும் நடத்தியிருக்கிறேன். அதில் பஸ்ஸைத்தான் கேட்டார்கள்.

தேவாரத்துக்குச் சற்றுத் தள்ளி, மலையை ஒட்டிய ஊர். பெயரை எழுதப்போவதில்லை. அந்த வழக்கின் பிள்ளைகளுக்கு இன்று கல்யாணமாகி, அவர்களுடைய பிள்ளைகள் அதே ரோட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள். போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் வருகிற பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அந்த மாதிரி ஊர்களின் அமைப்பு தெரிந்திருக்கும். மெயின் ரோட்டிலிருந்து கிளை ரோடு பிரியும். சாவடி, கோயில், டீக்கடை, நாலைந்து தெரு. அதைத் தாண்டி ஓடைப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் காலனி.

ஊருக்குள் ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. காலனிக்குள் ஆதிதிராவிடர் நலத் துறையின் தொடக்கப் பள்ளி இருந்தது. இப்படி இரண்டாக இருப்பது இந்தப் பள்ளத்தாக்கில் புதுமை இல்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்று மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்த பிறகு, அந்தச் சமூகத்தைத் திருத்துகிறோம் என்று வெள்ளைக்காரன் அரசாங்கம் ஆரம்பித்தது அது. ஊர்ப் பள்ளிகளில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்காக லேபர் டிபார்ட்மென்ட் தொடங்கியது இன்னொன்று. இரண்டுமே தேவைப்பட்ட காலத்தில் வந்தவை. அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் எழுத்தே தெரியாமல் போயிருக்கும் பல குடும்பங்களுக்கு நானே வக்காலத்து போட்டிருக்கிறேன். ஆனால் விளைவு என்னவென்றால், இருநூறு கஜ தூரத்தில் வளர்கிற இரண்டு பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆறாம் வகுப்புக்குத் தேவாரம் போக வேண்டும். இரண்டு தரப்பும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது வகுப்பறையில்கூட இல்லை, காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில்.

அந்த பஸ் வெகுகாலம் சாவடியோடு திரும்பிவிடும். காலனிப் பிள்ளைகள் பாலம் தாண்டி நடந்துவந்து, ஊர்ப் பிள்ளைகள் ஏறிய பிறகு ஏறி, பின்படியோரம் நின்று போவார்கள். அதுவரை தகராறு எதுவும் கிடையாது. 1998இல் காலனிக்காரர்கள் மனுநீதி நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் பிள்ளைகள் நடக்க முடியவில்லை, பஸ் பாலம் தாண்டி வந்து திரும்பட்டும் என்று கேட்டார்கள். நியாயமான மனு. அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பஸ் காலனிக்கு வந்தது. யாரோ மாலைகூடப் போட்டார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பஸ் காலனியில் புறப்பட்டால் காலனிப் பிள்ளைகள் முதலில் ஏறுகிறார்கள். முதலில் ஏறுகிறவர்கள் உட்காருகிறார்கள். பஸ் சாவடிக்கு வரும்போது சீட்டு இருக்காது. ஊர்ப் பிள்ளைகள் நிற்க வேண்டும்.

தீட்டு, தொட்டால் குற்றம் என்றெல்லாம் யாரும் பேசவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் யார் தோளில் யார் கை என்றே தெரியாது. பிற்பாடு என்னிடம் சமாதானம் பேச வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்:

"அவங்க பஸ்ஸுல வரட்டும் தம்பி, யாரு வேணாம்னா? நம்ம பொம்பளப் பிள்ளைக நின்னுக்கிட்டு வர, அவங்க உக்காந்துக்கிட்டு வர்றதுதான் ஊருக்குச் சரிப்படல."

வக்கீல் தொழிலில் இவ்வளவு சுத்தமான வாக்குமூலம் அபூர்வம். ஆனால் அதைக் கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது?

ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு காலனிப் பெண் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாவடியில் ஏறிய ஒரு பையன் தன் தங்கைக்கு இடம் விடச் சொன்னான். அவள் எழுந்திருக்கவில்லை. அன்று கணக்குப் பரீட்சை, படித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னாள். "எந்திரிடி" என்றதோடு சாதியையும் சேர்த்துச் சொன்னான். அப்போதும் அவள் அசையவில்லை. பையை எடுத்து ஜன்னல் வழியாக வீசினார்கள். என் ஆபீஸுக்கு அவள் அப்பா கொண்டுவந்த முதல் சாட்சியம் ஜாமென்ட்ரி பாக்ஸ். மூடி கழன்று, காம்பஸின் ஒரு கால் வளைந்து, பாகைமானி இரண்டாக உடைந்திருந்தது. உள்ளே அவள் மடித்து வைத்திருந்த பஸ் பாஸ் மட்டும் கசங்காமல் இருந்தது.

அன்று மாலையே பாலத்தில் வைத்து அவள் அப்பாவை மூன்று பேர் அடித்தார்கள். மறுநாள் காலை பாலத்தருகே பஸ் கண்ணாடியில் கல் விழுந்தது. டிரைவருக்கு நெற்றியில் தையல். மூன்றாம் நாளிலிருந்து பஸ் பழையபடி சாவடியோடு திரும்பியது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1974 செப்டம்பர் 12 அன்று நடந்தது எனக்கு நினைவுக்கு வரும். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படிப்பதை முடிவுக்குக் கொண்டுவர, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி மாற்றி மாற்றி அனுப்பச் சொல்லி நீதிபதி ஆர்தர் காரிட்டி அந்த ஜூனில் தீர்ப்பளித்திருந்தார். ராக்ஸ்பரியிலிருந்து சவுத் பாஸ்டனுக்குக் கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ்கள்மேல் முதல் நாளே கல்மழை. இரண்டு வருஷம் கழித்து, 1976 ஏப்ரலில், அந்த எதிர்ப்பு ஊர்வலத்துக்குள் மாட்டிக்கொண்ட டெட் லேண்ட்ஸ்மார்க் என்ற கறுப்பின வக்கீலை அமெரிக்கக் கொடிக்கம்பத்தாலேயே தாக்கப் போன புகைப்படம் புலிட்சர் பரிசு வாங்கியது. அவர் வழக்கு நடத்த வந்தவர்கூட இல்லை, நகராட்சியில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். தொழில்காரன் என்பதால் அந்தப் படம் என்னை ஒரு கணம் நிறுத்தும். ஆனால் பாஸ்டனுக்கும் நம் ஊருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கோர்ட் பிள்ளைகளைக் கலக்கப் பார்த்தது, ஊர் தடுத்தது. இங்கே உயர்நிலைப் பள்ளி எப்போதோ பொதுவாகிவிட்டது. பள்ளிக்குப் போகிற வழிதான் பொதுவாகவில்லை.

அதிகாரிகள் பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். 1989 செப்டம்பரில் போடியில் கிளம்பிய கலவரம் சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் பரவி எத்தனை வீடுகளைத் தின்றது என்று பார்த்தவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அதற்கும் மேலே 1997 விவகாரம் அப்போது பச்சைப் புண். விருதுநகரை மையமாக வைத்துப் புதுப் போக்குவரத்துக் கழகம் அமைத்து அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் வீரர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் எதிர்ப்பு, கல்வீச்சு, சாவு. கடைசியில் அந்த ஜூலையில் கலைஞர் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் ஒரேயடியாக எடுத்தது. எங்கள் பக்கம் ஓடிய 'பாண்டியன்' பெயரும் அப்போது போனதுதான். பஸ், சாதி என்ற இரண்டு சொல்லும் ஒரே மனுவில் வந்தால் தாலுகா ஆபீஸே வியர்க்கும்.

அதனால் சமாதானக் கூட்டம் போட்டார்கள். ஊர் சார்பில் பத்துப் பேர், காலனி சார்பில் ஐந்து பேர். எனக்கு அழைப்பு இல்லை. கூட்டம் முடிந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"முடிச்சுட்டாங்க சார். பஸ்ஸு திரும்ப வரும்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டதோடு சரி. நகலை வாங்கிப் படித்தபோதுதான் தெரிந்தது. முதல் ஷரத்து, இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும். இரண்டாவது, புகார்களை வாபஸ் வாங்க வேண்டும். மூன்றாவது, பஸ் காலனியிலிருந்து புறப்படலாம், ஆனால் முன்பக்க இருக்கைகள் சாவடியில் ஏறும் பெண் பிள்ளைகளுக்குக் காலியாக விடப்பட வேண்டும். கீழே ஓர் அரசு அதிகாரியின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு, தேதி.

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் வருஷத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு பொது வாகனத்தைப் பயன்படுத்துவதில் தீண்டாமையின் பேரால் தடை போடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதற்கும் முன்னால், பட்டிவீரன்பட்டிக்காரரான சௌந்தரபாண்டியனார் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். வெள்ளைக்காரன் காலத்திலேயே தீர்ந்த சங்கதியை, சுதந்திர இந்தியாவின் அதிகாரி ஒருவர் சமாதானம் என்ற பெயரில் வெள்ளைத்தாளில் திரும்ப எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கூட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"இந்தப் பேப்பர் நமக்கு வேணும்ணே, பத்திரமா வைங்க" என்றேன்.

"அப்ப பஸ்ஸு?"

"பஸ்ஸு வரும். பிள்ளை எங்க உக்காரணும்னு பேப்பர்ல எழுதாம வரும்."

இரண்டு தடத்தில் போனோம். முதலாவது கிரிமினல் கேஸ். எங்கள் பக்கம் எல்லாவற்றையும் அந்த 1955 சட்டத்தின் பெயரால் 'பி.சி.ஆர். கேஸ்' என்றுதான் சொல்வார்கள், போடுவது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமாக இருந்தாலும். பாலத்தில் அடித்த மூன்று பேர்மேல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 341, 506(2) பிரிவுகளோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(10)ம் சேர்ந்தது. பஸ்ஸில் பையை வீசிய பள்ளிப் பையன்களைச் சேர்க்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணின் அப்பாவே சொன்னார். "படிக்கிற பயலுக, அவனுகளுக்கு எவன் சொல்லிக் குடுத்தானோ" என்றார். அடி வாங்கிய மனிதர் அவர். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

கேஸ் தோற்றது. காரணம் புதிதல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995ஆம் வருஷத்து விதிகளில் 7ஆவது விதிப்படி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். இங்கே சாட்சிகளை விசாரித்தது இன்ஸ்பெக்டர், கடைசிப் பக்கத்தில் மட்டும் டி.எஸ்.பி. கையெழுத்து. எதிர்த்தரப்பு சீனியர் அதை உரித்துவிட்டார். கண்டக்டர் பிறழ்சாட்சி ஆனார். அவரையும் திட்ட முடியாது. தினமும் அதே ரூட்டில் ராத்திரி கடைசி டிரிப் முடித்துவிட்டுச் சாவடியில் பஸ்ஸைப் போட்டுத் தூங்குகிறவர். மூன்று பேரும் விடுதலை. வெளியே மாலை, வெடி. அந்தப் பெண் அன்று கோர்ட்டுக்கு வரவில்லை, நல்லவேளை.

இரண்டாவது தடம் ரிட். மதுரைக் கிளை 2004இல்தான் வந்தது, அதனால் கம்பத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும். காலனி நடையைத் திரும்ப இயக்க உத்தரவிடக் கோரி மனு. நிர்வாகம் பதில் மனு போட்டது. அதில் சாதியும் இல்லை, கல்லும் இல்லை. ஒரே காரணம்: காலனி ஸ்டேஜில் வசூல் இல்லை.

அதற்கு ஆதாரமாக டிரிப் ஷீட் நகல்களை இணைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பஸ்ஸில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும் கண்டக்டர் டிக்கெட் கட்டுகளின் நம்பரைப் பார்த்துத் தாளில் குறிப்பார். அந்த ஸ்டேஜில் எத்தனை டிக்கெட் கிழிந்தது என்பதற்கு அதுதான் கணக்கு. காலை எட்டு மணி டிரிப்பில் காலனியில் புறப்படும்போது என்ன நம்பரோ, சாவடிக்கு வரும்போதும் அதே நம்பர். நாள் தவறாமல் அப்படி. பஸ் காலியாக வந்தது என்றுதான் தாள் சொன்னது.

எனக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. கண்டக்டரைக் கொண்டு திருத்திவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். இல்லை, தாள் உண்மைதான். காலனிப் பெரியவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே ஜீப்பில் கேரளாப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். எட்டு மணிக்கு அங்கே ஏறுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும். அத்தனை பேரும் இலவச பஸ் பாஸ். பாஸுக்கு டிக்கெட் கிழிப்பதில்லை. டிக்கெட் கிழியாவிட்டால் அந்தத் தாளில் ஆளே இல்லை. அந்தப் பெண் உட்கார்ந்திருந்த சீட்டும் கணக்குப்படி காலி சீட்டு.

பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். பாஸுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது அவர்தான், எந்த ஸ்டாப்பிலிருந்து எந்த ஸ்டாப் என்று பதிவேடு இருக்கும். ஊர்க்காரர்களோடு நல்ல உறவில் இருந்தவர். தயங்குவார் என்று நினைத்தேன். பீரோவைத் திறந்து பதிவேட்டை மேஜையில் வைத்து, "காலனி ஸ்டாப்புனு போட்டிருக்கிற பேரை எல்லாம் நீங்களே எண்ணிக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். சான்றளித்த நகல் இரண்டு நாளில் வந்தது. ஒரு பஸ் நிறையும் அளவுக்குப் பெயர்கள் இருந்தன.

நீதிபதி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஒரு கேள்வி கேட்டார். சாவடி ஸ்டேஜிலும் காலை டிரிப்பில் பெரும்பாலும் பாஸ் பிள்ளைகள்தானே, அங்கே வசூல் இருக்கிறதா? டிரிப் ஷீட்டில் அங்கேயும் விரல்விட்டு எண்ணும் டிக்கெட்தான். அப்படியானால் அங்கே மட்டும் பஸ் ஏன் நிற்கிறது? பதில் வரவில்லை. அப்போதுதான் சமாதானக் கூட்டக் குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது ஷரத்தை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. மனதுக்குள் படித்துவிட்டு, பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

உத்தரவு சின்னதுதான். காலனி நடையை உடனே திரும்ப இயக்க வேண்டும். தேவைப்படும் வரை போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டும். கூட்டக் குறிப்பின் மூன்றாவது ஷரத்து சட்டப்படி செல்லாது.

அமெரிக்காவில் மாண்ட்கமரி பஸ் என்றால் எல்லோருக்கும் 1955 டிசம்பரின் ரோசா பார்க்ஸ் தெரியும். அதற்கு ஒன்பது மாதம் முன்னால் அதே ஊரில் கிளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவி சீட்டை விட மறுத்துக் கைதானாள். பஸ்ஸில் இனப்பாகுபாட்டை முடித்து வைத்தது பார்க்ஸ்மேல் போட்ட கிரிமினல் வழக்கு அல்ல. கால்வின் உட்பட நான்கு பெண்கள் தனியாகப் போட்ட பிரவுடர் எதிர் கேல் என்ற சிவில் வழக்கு. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எங்கள் கேஸ் நடந்தபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கிரிமினல் கேஸ் தோற்ற அன்று அவ்வளவு சோர்ந்திருக்க மாட்டேன். சாதி வழக்கு என்றதும் எஃப்.ஐ.ஆர். எண்ணை மட்டுமே துரத்துகிற இளம் வக்கீல்களிடம் இதைத்தான் சொல்லி வருகிறேன். தண்டனை வாங்கித் தருவது ஒரு வேலை, பஸ்ஸை ஓட வைப்பது வேறு வேலை. கட்சிக்காரருக்கு மறுநாள் காலையில் தேவைப்படுவது இரண்டாவது.

பஸ் திரும்ப வந்த முதல் வாரம் இரண்டு போலீஸ்காரர்கள் அதில் போனார்கள். ஊர்ப் பிள்ளைகள் சிலர் சைக்கிளில் போனார்கள். மழை ஆரம்பித்ததும் அவர்களும் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் தேறி, தேனியில் நர்ஸிங் படித்து, இன்று அரசு வேலையில் இருக்கிறாள்.

விஷயம் பழையது என்று நினைப்பவர்களுக்கு: 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, கூடப் படிக்கிறவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை வந்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனை, பஸ்ஸை மறித்து இறக்கி, விரல்களை வெட்டினார்கள். கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் என்று தனித்தனித் துறைகளில் கிடக்கும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கப்போவதாக 2023-24 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தபோது, உசிலம்பட்டியிலும் எங்கள் பக்கத்திலும் எதிர்ப்பு எழுந்தது. பள்ளி நிலமும் விடுதியும் கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு அரசு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். ஆனால் முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சேர்ந்து உட்காருவதை முதல்முதலாகப் பதினோரு வயதில், நெரிசல் பஸ்ஸில், சீட்டுச் சண்டையோடு கற்றுக்கொள்ளச் சொல்வது பிள்ளைகளுக்கு நாம் செய்கிற கொடுமை.

2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கட்டணமில்லா டிக்கெட் கொடுக்கிறார்கள். அதனால் பெண்கள் ஏறுவது இப்போது கணக்கில் வருகிறது. பாஸ் பிள்ளைகளையும் அப்படி எண்ண வேண்டும். உங்கள் ஊர்க் காலனிக்கு வருகிற நடையை 'வசூல் இல்லை' என்று நிறுத்தினால், மறியலுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, கடைசி மூன்று மாத டிரிப் ஷீட் நகலையும், அந்த ஸ்டாப்பின் பேரில் கொடுத்த பஸ் பாஸ் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு தாளும் கையில் இருந்தால், மதுரைக் கிளையில் உங்கள் வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.